குறைத்த இருபது நிமிடம்

காலை ஆறு மணிக்கு அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அலமாரியின் நடுத்தட்டில் நான்கு பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே நோயாளியின் வரிசை எண்ணை அவளே எழுதியிருந்தாள். உள்ளே எலும்பு அறுக்கும் வாளும் உளியும் சுத்தியலும். ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தள்ளுவண்டி வந்து நான்கையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஏழரைக்கு முதல் ஆபரேஷன். முதல் பொட்டலம் அவள் கணவருக்கு.

அவள் முதல் பொட்டலத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துணி நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்திருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஈரம் தெரிந்தால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார்கள். இனி யாரும் கேட்கப்போவதில்லை.

இருபத்தோரு வருடமாக அவளுக்கு இந்த அறையில்தான் வேலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத, எந்நேரமும் வெந்த துணியின் வாசனை அடிக்கிற அறை. மனித உடம்பைக் கீறி உள்ளே போகிற கருவி எதுவானாலும் இங்கே வந்து, கழுவி, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்தில் வெந்து, அவள் கையெழுத்துக்குப் பிறகுதான் மேலே போகும். நோயாளிகள் அவளைப் பார்த்ததில்லை. டாக்டர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு அறை இருக்கிற ஞாபகமே கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கெடுபிடி அக்கா. டேப்பில் நீராவி பட்டுக் கறுக்க வேண்டிய கோடு சரியாகக் கறுக்கவில்லை என்றால் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். எதிரில் நிற்பவர் மூக்கால் அழுதாலும் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் செய்த காரியம்தான் இது.

நீராவியில் வெந்த பொட்டலம், இயந்திரத்தின் கதவைத் திறக்கும் முன் உள்ளேயே முப்பது நிமிடம் காய வேண்டும். ஈரத்தோடு வெளியே எடுத்தால், அந்த ஈரத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு துணி தானாகக் காயும். டேப்பில் கோடும் கறுப்பாகத்தான் இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் இந்த வேலையில் ஈரமாக வந்த பொட்டலமும் பிரிந்து தரையில் விழுந்த பொட்டலமும் ஒன்று. எலும்புக் கருவிகள் கனமானவை. கனத்த இரும்பில் தண்ணீர் அதிகம் தங்கும். ஒரு தடவைக்கு இரண்டு பொட்டலத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

நேற்று நான்கையும் ஒன்றாக வைத்தாள். காய்வதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே கதவைத் திறந்தாள்.

வீட்டில் ஜெபக்கூட்டம். அதுதான் அவசரம்.

அவள் கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். பதினான்கு மாதங்களுக்கு முன் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது; இடுப்பு மூட்டு போனது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய மனிதருக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதே ஒரு பிரயாணமாகிவிட்டது. மூட்டு மாற்றுகிற டாக்டர் வேறு ஊர்க்காரர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். முதல் தடவை கணவருக்குச் சர்க்கரை ஏறிக்கிடந்தது. இரண்டாம் தடவை அவர் அளவுக்கு மூட்டு வந்து சேரவில்லை. மூன்றாம் தடவை டாக்டரே வரவில்லை. இது நான்காவது. இதோடு டாக்டர் மேற்படிப்புக்காக இரண்டு வருடம் வெளிநாடு போகிறார்.

நாள் உறுதியான ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஆண்டவர் நல்லவர், எங்கள் கண்ணீரைக் கண்டார், இந்த நாளைக் கொடுத்தார் என்றாள். அதற்காகத்தான் நேற்று ஐந்தரைக்குப் போதகரும் ஏழெட்டுக் குடும்பங்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பாட்டு ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவள் அவள்தான். கதவைத் திறந்ததும் பொட்டலத்தைத் தொட்ட கையில் குளிர்ச்சியாக ஒட்டிய ஈரத்தை, பாட்டின் நடுவே சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

ஆறேகாலுக்கு, அவளோடு வேலை பார்க்கிற ரேடியோ உள்ளே வந்தாள். அவளைவிடப் பத்து வயது இளையவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் செருப்பைப் போடும்போதுதான் பேச்சு நிற்கும். அதனால் அந்தப் பெயர்.

"என்னக்கா, மாமாவுக்கு இன்னைக்குப் புதுக் காலு. நீங்க என்ன இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? எழுந்து ஓடிப் போயிடுவாருன்னு பயமா?"

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். சொல்ல நான்கு வாக்கியம்தான் ஆனது. ரேடியோ நின்றுபோய் அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்திருக்கிறது, கோடு கறுத்திருக்கிறது, இதுவரை எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் இதைவிட மோசமாகச் செய்திருப்பார்கள் என்று தாழ்ந்த குரலில் அடுக்கிக்கொண்டே போனாள். நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றும் ஆகாது என்றாள். அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"ஜெபம் பண்ணித்தானே இந்த நாளு கிடைச்சுது? மிச்சத்தையும் ஆண்டவர் பாத்துக்குவாருக்கா. நம்பிக்கைன்னா அதானே?"

ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, மனசு கேக்கலேன்னா மாமாவோட செட்டை மட்டும் திருப்பிப் போட்டு எடுத்துருவோம். அவரைக் கடைசியா வச்சுக்கச் சொல்லி மேல ஒரு போன் அடிச்சா முடிஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. ரேடியோ சொன்னது புதிதாக இருந்திருந்தால் இப்படித் தைத்திருக்காது. விடியும்போது, வார்டில் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அந்த யோசனை வந்தது. போனில் என்ன சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் தயாராக வந்தது. அப்போது அதைத் தள்ளிவிட்டதாக நினைத்திருந்தாள். இப்போது வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அதன் முகம் தெரிந்தது. தன் வீட்டுக்காரர் எலும்புக்கு இயந்திரத்தை நம்புவது, மற்ற மூன்று பேர் எலும்புக்கு ஆண்டவரை நம்புவது. இதற்கு நம்பிக்கை என்று பெயரா?

இயந்திரம் சூடேறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோ அவள் முகத்தையே பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறரை.

ஆண்டவர் கொடுத்த நாள் என்று நூறு பேர் முன்னால் சொன்னாயே, என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அவர் கொடுத்தது உண்மையானால் அதைக் காப்பாற்ற உன் பொய் அவருக்கு எதற்கு? பொய் சொன்னால்தான் அது நிற்கும் என்றால், நீ யாருடைய கையிலிருந்து வாங்கினாய்?

 பதில் வரும்வரை காத்திருந்தால் தள்ளுவண்டி வந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். கணவரின் எண் எழுதிய பொட்டலத்தை மேசையில் வைத்து, டேப்பைக் கிழித்து, துணியைப் பிரித்தாள். உள்மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சுத்தியலின் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

ரேடியோ அதைப் பார்த்தாள். அடுத்த பொட்டலத்தின் டேப்பைக் கிழித்தாள்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதைத் தாண்டி வெளிச் செருப்போடு போகக் கூடாது. அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் தியேட்டர் சிஸ்டரும் எலும்பு டாக்டரும். டாக்டர் கையில் பாதி குடித்த காப்பி. அவள் நேற்று செய்ததைச் சொல்லி, நான்கு பொட்டலத்தையும் பிரித்துவிட்டதையும் சொன்னாள். முதல் இரண்டும் பத்து மணிக்குத் தயாராகும், அடுத்த இரண்டும் ஒரு மணி ஆகிவிடும் என்றாள்.

சிஸ்டர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். இருபது வருடப் பழக்கம். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டாதது இன்னும் கனத்தது.

டாக்டர் காப்பியைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது, டாக்டர்."

"பின்னால புண்ணு பழுத்து, வச்ச மூட்டையே வெளிய எடுக்கற மாதிரி ஆனா?"

"அப்பவும் தெரிஞ்சிருக்காது. அதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று மணிக்கு அவர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு பேருக்குத்தான் நேரம் இருக்கிறது. பட்டியலை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேர் போன வாரம் விழுந்து எலும்பு முறிந்து வந்தவர்கள், அவர்களைப் போட்டு வைக்க முடியாது, மற்ற இரண்டும் பழைய கேஸ் என்று சொல்லி முதல் பெயரை அடித்தார். சிஸ்டர் அவர் காதருகே ஏதோ சொன்னார். பேனா அந்த இடத்திலேயே நின்றது. டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

கேட்டிருக்கலாம். டாக்டர் மனசு வையுங்க என்று ஒரு வார்த்தை. அவர் முகம் அதற்கு இடம் கொடுத்தது போலத்தான் இருந்தது. அவள் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எலும்பு முறிந்து கிடக்கிற அந்த இரண்டு பேருக்கும் எங்கேயோ யாரோ ஜெபம் செய்துகொண்டிருப்பார்கள்.

"வேற டாக்டருக்கு எழுதித் தரேன்மா," என்றார் அவர் கடைசியில். "ஆனா எப்போ கூப்பிடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"சரிங்க, டாக்டர்."

சாயங்காலத்துக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார் சிஸ்டர். மேலிடம் என்ன செய்யும் என்பது தன் கையில் இல்லை என்றும் சொன்னார். பிறகு குரல் மாறி, வார்டில் ஆபரேஷன் நின்றுபோன இரண்டு பேருக்கும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அவள் படி இறங்கினாள்.

ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்ததும் மனசில் ஒரு சமாதானம் வந்தது என்று சபையில் சாட்சி சொல்கிறவர்கள் சொல்வார்கள். படி இறங்கும்போது அவள் அதை எதிர்பார்த்தாள். வரவில்லை.  ஆண்டவரே, நீர் நல்லவர் என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்தாள். காய்ந்த ரொட்டியை மெல்லுவது போல இருந்தது. ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை.

கணவர் பச்சை அங்கியில் தயாராக இருந்தார். முகம் மழித்து, தலை வாரி, எந்தப் பக்கம் என்று தவறிவிடாமல் இருக்கத் தொடையில் நீல மையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வண்டி வந்துவிட்டதா என்று கேட்டார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு நேரமானதால் திறந்தேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

"இருபது நிமிஷமா?"

"இருபது நிமிஷந்தான்."

"பதினாலு மாசம்," என்றார் அவர்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ திரைச்சீலையை இழுத்தார்கள். வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு போயின.  அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதில் ஒரு இடத்தில் வண்ணம் உரிந்து, அடியில் இருந்த பழைய நிறம் தெரிந்தது. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டுமாவது சரி பண்ணியிருக்க முடியாதா?"

"முடிஞ்சிருக்கும்."

"யோசிச்சியா?"

"யோசிச்சேங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவர் கையைத் தொடப் போனாள், கை விலகிக்கொண்டது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் எழுந்து போகவில்லை. அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு, அது முடியும்வரை பக்கத்தில் இருப்பதுதான் தனக்கு மிச்சமிருக்கிற வேலை என்று தோன்றியது.

"நேத்து எல்லாரும் பாடினோம். ஆண்டவர் கொடுத்தாருன்னு." அவர் சுவரிடம்தான் பேசினார். "இப்போ என்ன சொல்றது? திருப்பி எடுத்துக்கிட்டாருன்னா?"

"கெடுத்தது நானுங்க. அவர் இல்ல."

 அவளுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சரியான வார்த்தையைத் தேடினாள்.

"அவர் நல்லவருன்னு நம்பித்தாங்க மேல போய்ச் சொன்னேன். நான் பொய் சொன்னாத்தான் நமக்கு நல்லது நடக்கும்னா, அப்புறம் அவர் நல்லவருன்னு எப்படிங்க நம்பறது?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.   வெளியே வராந்தாவில் தரை துடைக்கிறவளின் வாளி நகர்ந்து நகர்ந்து தூரமாகப் போனது.

"ஆபரேஷன் நின்னுபோன இன்னொரு ஆளு யாரு?"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், கோடியில் இருக்கிற கட்டில், முழங்கால் ஆபரேஷன் என்றாள். அவருக்கு இன்னும் தெரியாது, போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சுவரோரம் சாய்த்திருந்த ஊன்றுகோல்களைக் கேட்டார். எதற்கு என்று அவள் பார்த்தாள்.

"நான் கூட வந்தா அந்த ஆளு உன்னை அடிக்க யோசிப்பான்."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அங்கி முதுகுப் பக்கம் திறந்து கிடந்தது. அவள் பின்னால் நின்று மூன்று நாடாக்களையும் முடிந்துவிட்டாள். இருபது அடி தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குக் கேட்டது. அதையும் கேட்டுக்கொண்டுதான் கூட நடந்தாள்.

டிரைவர் ஆஜானுபாகுவான மனிதர். கட்டில் அவருக்குப் போதவில்லை. பக்கத்தில் மகள் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலருகே நின்று அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தவறு. டிரைவர் கேட்டுக்கொண்டார். மகள் எழுந்துவிட்டாள்.

"அப்போ உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல முடிச்சுட்டீங்க. அப்படித்தானே? அவருக்கும் இன்னைக்குத்தான்னு நர்ஸ் சொன்னாங்க."

"நான்தாம்மா அந்த வீட்டுக்காரன்," என்றார் கணவர். அங்கியைச் சற்று ஒதுக்கித் தொடையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார்.

மகள் அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.  உட்கார்ந்துகொண்டாள். ஆனால் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "அப்போ இனிமே ஏதாவது குடிக்கலாமா? ராத்திரியிலேருந்து நாக்கு ஒட்டிக் கெடக்கு."

"அப்பா," என்று மகள் அதட்டினாள்.

கணவர் சிரித்துவிட்டார். பதினான்கு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சிரிப்பு நின்ற பிறகும் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். டிரைவர் அவரைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அவள் மருத்துவமனைக் கேன்டீனுக்குப் போய் மூன்று டீ வாங்கி வந்தாள். மகள் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆண்கள் இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.

கணவர் எதைக் குடிக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் ஜெபம் செய்வார். ஒரே மூச்சில் இரண்டு வரி. ஆமென் சொல்லும்போதே கை தட்டில் இருக்கும். இன்றைக்கு அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெறுமனே பார்த்தார். இந்த மனிதர் இன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்வாரா என்று அவள் நின்றாள். சொல்லாவிட்டால் கேட்கத் தனக்கு வாய் இல்லை என்றும் தெரிந்து நின்றாள்.

அவர் கண்ணை மூடினார்.

அவளும் மூடினாள். வார்த்தை எதுவும் வரவில்லை. வராமலே தலை குனிந்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது கணவரின் கண்கள் மூடியே இருந்தன, உதடு அசைந்துகொண்டிருந்தது. டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. டிரைவர் தன் டம்ளரை உதட்டுக்கு அருகே கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். நீங்கள் குடியுங்கள் என்று அவள் சைகை காட்டினாள். அவர் தலையை அசைத்து மறுத்து, இவர் முடிக்கட்டும் என்பது போல டம்ளரைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.